பத்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை

என் ஓரகத்தியைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. இதை மென்று முழுங்கிச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சம்பளத்தின் மேல் பொறாமை. அதைவிட, அவள் ஆபீஸ் மூடும் நேரத்தின் மேல் பொறாமை. இவை இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மூன்றாவது பொறாமை ஒன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாங்கள் இருவருமே கிளார்க்குகள். என் கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். பக்கத்து டவுன் பேரூராட்சியில் இளநிலை உதவியாளர். நான் கீரமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராம ஊராட்சியில் செயலாளர். செயலாளர் என்பதெல்லாம் காகிதத்தில்தான், ஊருக்குள் நான் 'கிளார்க்கம்மா'. எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் இந்தப் பக்கம் எண்ணலாம்.

அவள் பாஸ் பண்ணிய அரசுத் தேர்வை நானும் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் கோட்டைவிட்டேன். கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் வந்து, "அக்கா, அந்த கைடு சும்மாத்தானே கெடக்கு, நான் படிக்கவா?" என்று கேட்டாள். கொடுத்தேன். நான் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்த வரிகளையே படித்து முதல் தடவையிலேயே தேறினாள். எனக்கு வாயெல்லாம் பல், வயிறெல்லாம் நெருப்பு. ஊருக்கே லட்டு கொடுத்தவள் நான்தான்.

அவளுக்கு வேலை பத்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை. ஆறு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து ஆறேகாலுக்கு வீட்டில் செருப்பைக் கழற்றிவிடுவாள். அதன்பிறகு அவள் ஆபீஸ் அவளைத் தேடாது.

என் ஆபீஸ் என் கைப்பையில் இருக்கிற போன். காலை ஆறரைக்குத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஆரம்பித்து வைப்பார். "கிளார்க்கம்மா, மோட்டாரு ஓட மாட்டேங்குது. லைன்மேனு போன எடுக்க மாட்டேங்குறாரு, நீங்க கொஞ்சம் அடிங்க." தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் அடுத்த போன், குப்பை வண்டி பஞ்சர். நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க் கரையில் சிக்னல் கிடைக்காமல் வருகைப் போட்டோ ஏறாது, அதற்கும் நான்தான் போய் நிற்க வேண்டும். மதியம் ஒன்றிய ஆபீஸில் கூட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வாட்ஸப் குழுவில் வந்து விழும், 'மிக மிக அவசரம். தெருவிளக்கு விவரம் இன்று மாலைக்குள் அனுப்பவும்' என்று. இன்று மாலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று எந்தச் சுற்றறிக்கையும் இதுவரை சொன்னதில்லை.

மே மாதம் முதல் தேதி உழைப்பாளர் தினம். ஊரெல்லாம் லீவு. எங்களுக்குக் கிராமசபை. நான் காலையிலேயே போய் மைக் செட்டுக்குச் சொல்லி, நாற்காலி போட்டு, வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, திட்டு வாங்கி, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பொழுது சாய வீட்டுக்கு வந்தால், ஓரகத்தி தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் முடியை உலர்த்திக்கொண்டு நிற்பாள். "இப்பத்தான் வாறீங்களாக்கா?" என்பாள். இல்லை, அமெரிக்கா போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வரும்.

இனி அந்த மூன்றாவது பொறாமை. எனக்கு ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. அவளுடைய பள்ளி வேன் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஐந்தரைக்கு வாசலில் இறக்கிவிடும். என் கணவர் தேங்காய் லோடு ஏற்றிவிட்டு எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. கொழுந்தன் வளைகுடாவில் இருக்கிறார். ஓரகத்திக்கு இன்னும் பிள்ளையில்லை. அதனால் என் மகளின் சாயங்காலங்கள் எல்லாம் சித்தி வீட்டில் என்றாகிவிட்டது. சித்தி வீட்டுச் சாவி ஒன்று அவள் புத்தகப் பையிலேயே தொங்கும். சித்தி பின்னினால்தான் சடை, சித்தி வரைந்தால்தான் இந்தியா மேப். நான் சுட்ட முறுக்கைக்கூடச் சித்தி வீட்டில் வைத்துத்தான் தின்பாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன ஜூன் மாதம் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மகளே நிரப்பி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். படிவம் என்றால் கடைசி வரி வரைக்கும் பார்க்காமல் கையெழுத்துப் போடாத கை என்னுடையது. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்' என்ற இடத்தில் சித்தியின் நம்பர் இருந்தது.

"ஏண்டி, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றேன்.

"ஒன் நம்பரு எப்பப் பாத்தாலும் பிஸின்னுதானம்மா வருது" என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கும் ஐந்தே முக்கால் வேண்டும். சம்பளம் வருகிறபோது வரட்டும், முதலில் என் சாயங்காலம் எனக்கு வேண்டும்.

நான் நினைத்த நேரமோ என்னவோ, எங்கள் ஊராட்சி கிளார்க்குகள் சங்கமும் அப்போதுதான் கிளம்பியது. அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். இளநிலை உதவியாளருக்கு நிகரான சம்பளம், நிர்ணயித்த வேலை நேரம், இவை இரண்டும் கோரிக்கை. சங்கத் தலைவர் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற மனிதர், கோஷம் போட்டே குரல் கம்மிப்போனவர். எல்லோருக்கும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்.

"ஒரு மாசம் எழுதுங்க. எத்தன மணிக்கு வேலைய ஆரம்பிச்சீங்க, எத்தன மணிக்கு முடிச்சீங்க. ஒன்றிய அதிகாரிக்கிட்ட இதத்தான் வைக்கப்போறோம். உள்ளத எழுதுங்க, அம்புட்டுத்தான்."

நான் எழுந்து மைக்கை வாங்கினேன். வயிற்றெரிச்சலில் பேசினால் பேச்சு நன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது. "எங்க வீட்டுச் செவத்துக்கு அங்கிட்டும் ஒரு கிளார்க் இருக்கா. அவ பேனாவுல ஊத்துற மைதான் எம் பேனாவுலயும் ஊத்துறேன். அவளுக்கு மணி அஞ்சே முக்காலானா ஆபீஸ் மூடுது, எனக்கு மட்டும் ஏன் மூட மாட்டேங்குது?" மண்டபம் கை தட்டியது. யாரோ வீடியோ எடுத்துக் குழுவில் போட, அது சுற்றிச் சுற்றி ஓரகத்தி போனுக்கும் போய்விட்டது. மறுநாள் கோலம் போட்டுக்கொண்டே, "நல்லாப் பேசுனீங்கக்கா" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தப் படிவத்தை நான் ஒரு மாதம் தொடவே இல்லை. நேரம் எங்கே இருந்தது? ஒப்படைக்க வேண்டிய நாளின் காலையில் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முப்பது வரியையும் நிரப்பினேன். எங்கள் தொழிலில் எல்லாப் பதிவேடும் இப்படித்தான் எழுதப்படும். தணிக்கைக்குத் தேதி வந்ததும் மூன்று பேனாவை எடுத்து வைத்துக்கொள்வோம். நாலு வரி ஒரு பேனாவில், மூன்று வரி இன்னொன்றில். அப்போதுதான் தினம் தினம் எழுதியது போல இருக்கும். ஒரே ஒரு இடத்தில் சின்னதாக ஒரு அடித்தலும் போடுவோம். ரொம்பச் சுத்தமாக இருந்தால் தணிக்கைக்காரருக்கு மூக்கு வேர்க்கும்.

அன்றும் மூன்று பேனா எடுத்தேன். கை தன்பாட்டுக்கு ஓடியது. வருகை 10.00, புறப்பாடு 5.45. வருகை 10.00, புறப்பாடு 5.45. ஒரு நாள் மட்டும் 10.10 என்று போட்டு அடித்துத் திருத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நேராகச் சிவப்பில் 'விடுமுறை'. அந்த மாதத்தில் எந்த ஞாயிறும் நான் வீட்டில் இருக்கவில்லை. எழுதி முடித்துப் பார்த்தேன். பார்க்கவே லட்சணமாக இருந்தது. என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒரு நிமிடம்கூட எனக்கு உறைக்கவில்லை.

ஒன்றிய ஆபீஸ் கூட்ட அறையில் அதிகாரி எல்லார் படிவத்தையும் கட்டிலிருந்து பிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாதிக் கட்டைத் தாண்டியதும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் பத்துக்கு வாறீங்க, அஞ்சே முக்காலுக்குக் கெளம்புறீங்க. ஞாயித்துக்கெழம லீவு எடுக்குறீங்க. அப்பறம் நேரம் நிர்ணயம் பண்ணச் சொல்லி நான் மேல எதுக்கு எழுதணும்? அதுதான் ஏற்கெனவே நல்லா நடக்குதே!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருத்தர் விடாமல் எல்லோரும் அதையேதான் எழுதியிருந்தோம். 'உள்ளத எழுதுங்க' என்று சொன்ன சங்கத் தலைவரின் படிவமும் அப்படித்தான். அவர் ஒரு நாள் 10.05 என்று போட்டு அடித்திருந்தார். பதிவேடு என்று கையில் எதைக் கொடுத்தாலும், நடந்ததை விட்டுவிட்டு நடந்திருக்க வேண்டியதை எழுதியே பழகிய கூட்டம் நாங்கள். எங்கள் கழுத்துக்கு நாங்களே சுருக்கு மாட்டிக்கொண்டோம்.

"வாட்ஸப்பக் காட்டுறோம் சார்" என்றேன்.

"அது நாங்க அனுப்புன நேரம்மா. நீங்க எத்தன மணிக்கு வேலைய முடிச்சீங்கன்னு அதுல எங்க இருக்கு?" என்றவர், கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒரு வாரம் தாரேன். தேதி வாரியா வேற ஏதாச்சும் ஆதாரம் இருந்தாக் கொண்டாங்க. இல்லன்னா இதத்தான் நான் அனுப்பியாகணும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பித் தீர்த்தேன். மகள் ஹோம்வொர்க் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "அது சித்தி வீட்டுக் காலண்டர்ல இருக்கும்மா" என்றாள்.

"எது?"

"நீ எத்தன மணிக்கு வாரேன்னு. சித்தி தெனமும் எழுதும்."

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அடுத்த வீட்டு அடுப்படியில், கதவுக்குப் பின்னால் அந்த மாதக் காலண்டர் தொங்கியது. பல தடவை பார்த்திருக்கிறேன், பால் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலில் பொடி எழுத்து. 7.50. 8.25. 8.05. ஞாயிறு, 2.30. சில நேரங்களுக்குக் கீழே ஒரு வார்த்தை. சாப்பிட்டாள். தூங்கிவிட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமையில், அழுதாள்.

ஓரகத்தி ரசத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் வர்ற நேரத்த நீ எதுக்கு எழுதி வைக்கிற?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் மழுப்பவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள். "ஒரு நாளு நீங்க எங்கிட்ட வந்து கேப்பீங்கக்கா, எம் பிள்ளைய எங்கிட்டேர்ந்து பிரிச்சிட்டியேன்னு. அன்னைக்கு எடுத்துக் காட்டலாம்னுதான் எழுதுனேன்."

சுள்ளென்று இருந்தது. அதே வாக்கியத்தை நான் எத்தனையோ நாள் பைக்கில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் அதற்கு என்னைவிட முன்னாலேயே தயாராக இருந்திருக்கிறாள். அதிலும் முந்திக்கொண்டாள். சண்டை போடத்தான் வந்தேன். ஆனால் அந்தக் கட்டங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. என் மேல் குற்றம் சொல்ல ஒருத்தி எழுதி வைத்த காகிதம், என் பக்கத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி. நான் என் கையால் எழுதியது முழுக்கப் பொய்.

ஒன்றிய ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். மூன்று பேனா விஷயத்தைச் சொன்னபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அவளும் கிளார்க்தானே.

"இந்தக் காலண்டரக் குடு" என்றேன்.

"ஒரிஜினல் தர மாட்டேங்க்கா. ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுத் திருப்பிக் குடுத்துருங்க."

ஜூனிலிருந்து கிழித்த தாள்களையும் அலமாரியில் மடித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். எதற்கு என்று கேட்டேன். "எழுதுனவ கையெழுத்து இல்லாட்டி செல்லாதுல்ல?" என்றாள். வளைத்து வளைத்து அழகான கையெழுத்து. அந்த நேரத்திலும் எனக்கு அதைப் பார்த்துப் பொறாமையாகத்தான் இருந்தது.

அதிகாரி அந்தத் தாள்களை மெதுவாகப் பார்த்தார். எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியும், அந்தச் செவ்வாய்க்கிழமையில். "இது யாரு எழுதுனது?" என்று கேட்டார். என் கொழுந்தன் மனைவி, பேரூராட்சியில் கிளார்க் என்றேன். "இதுதாம்மா பதிவேடு" என்றார். இத்தனை மாதம் இடுப்பொடிய ஓடியது நான். பாராட்டு அவளுக்கு.

என்னைப் பார்த்து மற்றவர்களும் வீட்டுக்குப் போய்த் தேடினார்கள். ஒருவர், ராத்திரி குடித்த டீக்கெல்லாம் டீக்கடைக்காரர் தேதியும் நேரமும் போட்டு எழுதிய பற்று நோட்டைக் கொண்டுவந்தார். இன்னொருவர், மாத்திரை நேரத்துக்குக் கூடவே தான் வீடு திரும்பிய நேரத்தையும் மனைவி குறித்து வைத்திருந்த டாக்டர் சீட்டைக் கொண்டுவந்தார். எங்களைப் பற்றிய உண்மையெல்லாம் அடுத்தவர் கையெழுத்தில்தான் இருந்தது.

சம்பளக் கோப்பு மேலே போனது. இன்னும் மேலேயே இருக்கிறது. நேரத்துக்கு மட்டும் எங்கள் அதிகாரி தன் கைக்கு எட்டியதைச் செய்தார். குடிதண்ணீர், புயல் மழை தவிர வேறு எதற்கும் ஐந்தே முக்காலுக்குப் பிறகு விவரம் கேட்கக் கூடாது, கிராமசபை நடத்திய நாளுக்கு ஈடாக ஒரு நாள் விடுப்பு என்று ஓர் உத்தரவு போட்டார். சங்கத் தலைவர் அதைக் குழுவில் வாசித்துக் குரல் பதிவாகப் போட்டார். கம்மிய குரல் நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. நான் அதை நாலு தடவை கேட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு ஆபீஸைப் பூட்டினேன். இன்னும் வெயில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் எங்கள் ரோட்டைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! கீரமங்கலம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, மகளுக்குப் பிடிக்குமென்று வாழைக்காய் பஜ்ஜி நாலும், எனக்கு ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் மனதுக்குள் அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். இன்று சடை நான் பின்னுவேன், பாடம் நான் சொல்லிக்கொடுப்பேன், சித்தி வேண்டுமானால் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

ஆறரைக்கு வீட்டில் இருந்தேன். எங்கள் கதவு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். இருவரும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே ஸ்கேலால் ஏதோ கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் தலையைத் தூக்கி முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தாண்டி இருக்கேன். இனிமே தெனமும் இந்நேரத்துக்கு வந்துருவேன்."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நான் இனிமே இங்கிட்டு வரக் கூடாதாம்மா?" என்றாள்.

ஓரகத்தி பாயில் கிடந்த ரப்பர் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவள் ஜெயித்த முகத்தோடு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பாமல், துகளே இல்லாத இடத்திலும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு வரக் கூடாதுன்னா? படிச்சு முடிச்சிட்டு வா" என்றேன்.

"சரிம்மா. இன்னும் ரெண்டே ரெண்டு கட்டந்தான், போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கேலை எடுத்துக்கொண்டாள்.

பஜ்ஜிப் பொட்டலத்தில் பாதியை அங்கே கொடுத்துவிட்டு என் வீட்டைத் திறந்து உள்ளே வந்தேன். விளக்கைப் போட்டேன். போனை எடுத்துப் பார்த்தேன், யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அப்போது செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.